மின்சாரக் கார் வாங்குவோர் முன் இரு கேள்விகள்: எந்த இருக்கை, எத்தனை மோட்டார்?

புது தில்லி: பெட்ரோலா, டீசலா என்ற ஒரே கேள்வியோடு கார் காட்சியகத்துக்குள் நுழைந்த காலம் மலையேறிவிட்டது. மின்சாரக் கார் வாங்க முடிவு செய்து தலைநகரின் காட்சியகங்களுக்குச் செல்லும் குடும்பங்களிடம் இப்போது கேட்கப்படுவது வேறு வகைக் கேள்விகள். இருக்கைக்குத் துணி உறையா, செயற்கைத் தோலா? நிறம் கறுப்பா, வெள்ளையா? மோட்டார் ஒன்றா, இரண்டா? விசை முன்சக்கரங்களுக்கா, பின்சக்கரங்களுக்கா, நான்குக்குமா? பேட்டரி சிறியதா, பெரியதா?

இக்கேள்விகளில் கண்ணுக்கும் கைக்கும் உடனே எட்டுவது இருக்கை மட்டுமே. அதனால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால், இருக்கையின் உறையை எந்த நாளிலும் மாற்றிக்கொள்ள முடியும். மோட்டாரையும் பேட்டரியையும் அவ்வாறு மாற்ற இயலாது. 15 லட்சம், 20 லட்சம் ரூபாயைக் கடனாகப் பெற்று வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

ரேவா முதல் இன்று வரை

இந்தியாவில் 2001-இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த ரேவா மின்சாரக் காரில் இத்தகைய தேர்வுகளுக்கு இடமே இல்லை. ஈய-அமில பேட்டரியில் ஓடிய அச்சிறு கார், ஒரு முறை மின்னேற்றினால் சுமார் 80 கி.மீ. செல்லும் என்று கூறப்பட்டது. அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2010-இல் மகிந்திரா வாங்கியது.

நிலைமை மாறத் தொடங்கியது 2019-இல்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மின் வாகனங்கள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் டாடா நிறுவனத்தின் நெக்ஸான் மின்சாரக் கார் 30.2 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரே பேட்டரியுடன் அறிமுகமானது. ஒரு கிலோவாட் மணி என்பதே வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் எனப்படுகிறது. 2022 மே மாதத்தில் 40.5 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸான் வந்தது. அதன் பிறகே "எந்த பேட்டரி?" என்ற கேள்வி சாதாரண வாடிக்கையாளரின் வீட்டுக்குள் நுழைந்தது.

தில்லியில் இக்கேள்விக்குக் கூடுதல் அவசரம் உண்டு. குளிர்காலத்தில் காற்று மாசு கடுமையாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடுகள் அமலாகும்போதெல்லாம் பி.எஸ்.3 பெட்ரோல் கார்களுக்கும் பி.எஸ்.4 டீசல் கார்களுக்கும் தடை விதிக்கப்படுகிறது. மின்சாரக் கார்களுக்கு இத்தடை கிடையாது. பழைய டீசல் காரை விற்றுவிட்டு அவசரமாகப் புதிய வாகனம் தேடுவோர், எதைத் தேர்வு செய்கிறோம் என்பதை ஆற அமர ஆராய்வதற்கு அவகாசம் பெறுவதில்லை.

கட்டி வைத்த மூட்டை

ஐரோப்பாவில் கார் வாங்குவோர் இருக்கை, நிறம், மோட்டார், சக்கரம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டுப் பதிவு செய்வது நெடுநாளைய வழக்கம். இந்தியாவிலோ அனைத்தும் "வகை" என்ற பெயரில் மூட்டையாகக் கட்டப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. தொடக்க வகையில் துணி இருக்கை, சிறிய பேட்டரி. உச்ச வகையில் செயற்கைத் தோல், காற்றோட்ட இருக்கை, பெரிய பேட்டரி என்பதே பொது அமைப்பு. நீண்ட தூரம் ஓடும் பேட்டரி மட்டும் வேண்டும், எஞ்சிய அலங்காரங்கள் வேண்டாம் என்பவருக்கு வழியில்லாமல் போகிறது.

மகிந்திரா நிறுவனம் 2024 நவம்பர் 26-இல் சென்னையில் அறிமுகப்படுத்திய பி.இ. 6 கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 59 யூனிட் பேட்டரி கொண்ட தொடக்க வகையின் விலை 18.90 லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. 79 யூனிட் பேட்டரி வேண்டுமானால் 26.90 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உச்ச வகையைத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில்தான் அப்பேட்டரி நடு வகைக்கும் வழங்கப்பட்டு, 23.50 லட்சம் ரூபாய் என விலை நிர்ணயிக்கப்பட்டது. பெரிய பேட்டரி மட்டுமே தேவைப்பட்டவருக்கு இந்த எட்டு மாதக் காத்திருப்பின் மதிப்பு 3.40 லட்சம் ரூபாய்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கியா நிறுவனத்தின் இ.வி.6 கார் 2022 ஜூனில் வந்தபோது, பின்சக்கர இயக்க வகை 59.95 லட்சம், நான்கு சக்கர இயக்க வகை 64.95 லட்சம் என இரு தேர்வுகள் இருந்தன. 2025 மார்ச்சில் புதுப்பித்த கார் வந்தபோது நான்கு சக்கர இயக்கம் மட்டுமே 65.90 லட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் மும்பையில் விற்பனையைத் தொடங்கிய டெஸ்லா நிறுவனமோ, மாடல் ஒய் காரைப் பின்சக்கர இயக்கத்தில் மட்டுமே அறிமுகம் செய்தது. அங்கு வாடிக்கையாளருக்கு எஞ்சிய தேர்வுகளில் முக்கியமானவை பேட்டரியும் வெளி வண்ணமும் இருக்கையின் நிறமும்தான்.

முன்சக்கரமா, பின்சக்கரமா?

பெட்ரோல் காரில் எஞ்சின் முன்புறம் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு விசையளிப்பது எளிது, செலவும் குறைவு. அத்தகைய காரை அடிப்படையாகக் கொண்டு உருவான மின்சாரக் கார்களும் அதே வழியைப் பின்பற்றின. நெக்ஸான், பஞ்ச், டியாகோ ஆகிய டாடா மின்சாரக் கார்களும், சென்னையை அடுத்த ஆலையில் தயாராகி 2025 ஜனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் காரும் முன்சக்கர இயக்கம் கொண்டவை.

மின்சாரத்துக்கென்றே அடித்தளம் அமைத்து உருவாக்கும் கார்களில் மோட்டாரைப் பின்புறம் வைப்பது பெருவழக்காகி வருகிறது. இதற்குக் காரணம் உண்டு. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் தந்துவிடும். கார் வேகமெடுக்கும் கணத்தில் அதன் எடை பின்னோக்கிச் சாய்கிறது. அப்போது பின்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்கின்றன. முன்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. மேடு ஏறும்போதும் இதே நிலைதான். ஆற்றல் மிகுந்த மோட்டாரை முன்சக்கரங்களோடு இணைத்தால், மழை ஈரத்தில் சக்கரம் வழுக்கிச் சுழல்வதற்கு வாய்ப்பு அதிகம்.

இவ்வேறுபாடு அனைவருக்கும் பொருட்டல்ல என்பதையும் கூற வேண்டும். துவாரகாவிலிருந்து கன்னாட் பிளேஸ் வரை நாள்தோறும் அலுவலகம் சென்று திரும்புபவருக்கு, 130 குதிரைத்திறன் அளவிலான முன்சக்கர இயக்கக் காரே போதுமானது. போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது ஓட்டுபவருக்கே தெரிவதில்லை.

இரண்டாவது மோட்டார் யாருக்கு?

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரு மோட்டார்களைப் பொருத்தினால் நான்கு சக்கரங்களுக்கும் விசை கிடைக்கிறது. டீசல் ஜீப்பில் இருப்பதுபோல் முன்னும் பின்னும் இணைக்கும் நீண்ட தண்டு தேவையில்லை. 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் மின்சாரக் காரில் 158 குதிரைத்திறன் மோட்டார் முன்புறமும், 238 குதிரைத்திறன் மோட்டார் பின்புறமும் இணைந்த வகை உண்டு. அதன் விலை 28.99 லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதே 75 யூனிட் பேட்டரியுடன், பின்புறம் மட்டும் மோட்டார் கொண்ட உச்ச வகையின் விலை 27.49 லட்சம். ஆக, இரண்டாவது மோட்டாரின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய்.

விலையோடு இது முடிந்துவிடுவதில்லை. இரண்டாவது மோட்டார் எடையைக் கூட்டுகிறது. டயர் தேய்மானம் கூடுகிறது. ஓடும் தூரமும் குறையலாம். எவ்வளவு குறையும் என்பது காரின் அமைப்பைப் பொருத்தது. ஹாரியரில் சோதனைக்கூட அளவுப்படி பின்சக்கர வகை 627 கி.மீ., இரு மோட்டார் வகை 622 கி.மீ. செல்லும். சாலையில் எதிர்பார்க்கத்தக்கது என அந்நிறுவனமே தரும் மதிப்பீடு முறையே 480 முதல் 505 கி.மீ., 460 முதல் 490 கி.மீ. இங்கு வேறுபாடு சொற்பமே.

2024 மார்ச்சில் அறிமுகமான பி.ஒய்.டி. சீல் காரின் கதை வேறு. அதில் 82.56 யூனிட் பேட்டரி கொண்ட பின்சக்கர வகை 650 கி.மீ. செல்லும் என்றும், அதே பேட்டரியுடன் 530 குதிரைத்திறன் தரும் இரு மோட்டார் வகை 580 கி.மீ. செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. விலையோ 45.55 லட்சத்திலிருந்து 53 லட்சமாக உயர்ந்தது. ஏறத்தாழ ஏழரை லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 70 கி.மீ. தூரத்தை இழக்கிறார் வாடிக்கையாளர். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது 100 கி.மீ. வேகத்தை 4 விநாடிக்குள் எட்டும் திறன்.

இரு மோட்டார் உண்மையாகவே பயன்படும் இடங்களும் உள்ளன. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, பனிக்காலத்திலும் மணாலியைத் தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் பெருகிவிட்டனர். பனிப்பொழிவு நாள்களில் அவ்வழியே நான்கு சக்கர இயக்க வாகனங்களை மட்டும் காவல் துறையினர் அனுமதிப்பது வழக்கம். ராஜஸ்தானின் மணற்பரப்பிலும் இமயமலை அடிவாரக் கிராமங்களின் சேற்றுப் பாதைகளிலும் இதன் பயன் தெரியும். எனினும், நான்கு சக்கர இயக்கம் பனியில் காரை நகர்த்த உதவுமே தவிர, நிறுத்த உதவாது. நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான். ஆண்டுக்கு ஒரு முறை மலைக்குச் செல்பவர் ஒன்றரை லட்சம் ரூபாயை மோட்டாருக்குச் செலவிடுவதா, நல்ல டயருக்கும் பனிச் சங்கிலிக்கும் சில ஆயிரங்களைச் செலவிடுவதா என்பதை யோசிக்க வேண்டும்.

மலை ஏறும் கணக்கு

தில்லிவாசிகள் மலைப் பயணத்தைக் கருதியே பெரிய பேட்டரியைக் கேட்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தில்லி. சிம்லாவின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர். தூரம் சுமார் 350 கி.மீ. பயணிகளுடன் 2 டன் எடையுள்ள காரை 2,000 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 11 யூனிட் மின்சாரம் தேவை என்பது பள்ளிப் பாடநூல் இயற்பியல். சமவெளியில் 100 கி.மீ. ஓட 15 யூனிட் செலவிடும் காருக்கு இது 70 கி.மீ.க்கும் மேற்பட்ட ஓட்டத்துக்கு ஈடானது.

திரும்பி வரும்போது இதில் கணிசமான பகுதி மீண்டும் கிடைக்கும். இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பியனுப்புகிறது. ஆனால், மலை உச்சி விடுதியில் இரவு முழுவதும் மின்னேற்றி, பேட்டரி நிறைந்த நிலையில் இறங்கத் தொடங்கினால் அந்த மின்சாரத்தை ஏற்க இடமிருக்காது. சற்றுக் குறைவாக மின்னேற்றி இறங்குவதே சிக்கனம், பிரேக்குகளுக்கும் நல்லது.

30 யூனிட் பேட்டரி கொண்ட கார் சிம்லா போகாது என்பதல்ல இதன் பொருள். வழியில் ஒரு முறை நிறுத்துவதா, மூன்று முறை நிறுத்துவதா என்பதே வேறுபாடு. ஆண்டில் 350 நாள்கள் நகருக்குள் 40 கி.மீ. ஓடும் காருக்கு, எஞ்சிய 15 நாள்களுக்காகப் பல லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதா என்பது அவரவர் குடும்பக் கணக்கு.

தில்லி வெயிலும் இருக்கையும்

இருக்கை உறையின் தேர்வு வெறும் அழகுப் பிரச்சினை என்று எண்ணினால் அதுவும் தவறு. மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரி வெயிலில் திறந்தவெளியில் நின்ற காருக்குள் ஏறுபவருக்கு இது நன்கு தெரியும்.

இந்தியக் கார்களில் "லெதரெட்" என்ற பெயரில் வருவது பெரும்பாலும் விலங்கின் தோல் அல்ல. துணியின் மீது பி.வி.சி. அல்லது பாலியூரிதேன் பூசிச் செய்யப்படும் பொருள் அது. மக்கள் வழக்கில் ரெக்சின் எனப்படுவதன் மேம்பட்ட வடிவம் எனலாம். துடைத்தால் தூய்மையாகிவிடும், குழந்தைகள் உணவைச் சிந்தினாலும் கறை ஊறாது. ஆனால், காற்றுப் புகாது, வெயிலில் சூடேறினால் உடலைச் சுடும், முதுகு வியர்க்கும். துணி உறை வெயிலிலும் குளிரிலும் உடலுக்கு இதமானது. தில்லியின் புழுதியையும் தேநீர்க் கறையையும் உறிஞ்சிக்கொள்வது அதன் குறை.

வெள்ளை இருக்கை காட்சியகத்தின் விளக்கொளியில் கண்ணைப் பறிக்கும். கறுப்பைவிட வெயிலில் குறைவாகச் சூடேறும் என்ற நன்மையும் அதற்கு உண்டு. எனினும், புதிய ஜீன்ஸ் உடையின் நீலச் சாயம் அதில் ஒட்டிக்கொண்டால் நீக்குவது எளிதல்ல. உண்மைத் தோலைப் பொருத்தவரை, சொகுசுக் கார்களிலேயே அதன் இடம் சுருங்கி வருகிறது. இனி வரும் முழு மின்சாரக் கார்கள் எதிலும் விலங்குத் தோலைப் பயன்படுத்துவதில்லை என வோல்வோ நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது.

மின்சாரக் காரில் இருக்கைக்கும் ஓடும் தூரத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதே பலர் அறியாத செய்தி. பெட்ரோல் காரில் ஏசி எரிபொருளைக் குடிக்கிறது. மின்சாரக் காரில் அது சக்கரத்துக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் பங்கு கேட்கிறது. நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. நகரும் கார் ஓட்டத்துக்கு 3 யூனிட் செலவிடும்போது ஏசி ஒன்றரை யூனிட் எடுத்துக்கொண்டால், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குளிர்ச்சிக்கே போகிறது. இருக்கையின் நுண்துளைகள் வழியே விசிறியால் காற்றைச் செலுத்தும் காற்றோட்ட இருக்கைக்குத் தேவைப்படுவதோ சில பத்து வாட் மட்டுமே. முதுகு குளிர்ந்தால் ஏசியின் அளவை இரண்டொரு டிகிரி உயர்த்தி வைக்க முடியும்.

இவ்வசதி முன்பு சொகுசுக் கார்களுக்கே உரியதாக இருந்தது. 2024 ஜனவரியில் 10.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்த டாடா பஞ்ச் மின்சாரக் காரின் உச்ச வகையிலும் முன் இருக்கைகளுக்கு அது வழங்கப்பட்டது. கூடுதல் பணம் கொடுப்பதானால், நிறத்தைவிட இதற்குக் கொடுப்பது பயனுள்ளது. ஏனெனில், கடையில் மாட்டும் உறையால் இதைப் பெற முடியாது.

கடை உறையும் காற்றுப்பையும்

தொடக்க வகையை வாங்கிவிட்டு, மிச்சப்படும் பணத்தில் கரோல் பாக் சந்தையில் சீட் கவர் போட்டுக்கொள்ளலாம் என்பது தில்லியில் தலைமுறை தலைமுறையாகக் கூறப்படும் யோசனை. ஒரு பிற்பகலில் காரின் உள்தோற்றமே மாறிவிடும்; செலவும் குறைவு. ஆனால், இன்றைய கார்களில் இந்த யோசனைக்குப் பின்னால் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஆறு காற்றுப்பைகள் கொண்ட கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் முன் இருக்கைகளின் வெளிப்புற ஓரத்திலேயே மடித்து வைக்கப்பட்டுள்ளன. பக்கவாட்டில் மோதல் ஏற்பட்டால், கண் இமைக்கும் நேரத்துக்குள் இருக்கையின் தையலைப் பிளந்துகொண்டு அவை விரிய வேண்டும். தொழிற்சாலையில் அத்தையல் அதற்கென்றே வலுக் குறைவாகத் தைக்கப்படுகிறது. அதன் மீது தடித்த ரெக்சின் உறையை இறுக மாட்டினால், காற்றுப்பை தாமதமாகவோ தவறான திசையிலோ விரியக்கூடும். இருக்கையின் ஓரத்தில் காற்றுப்பை என்று பொறித்த சிறு துணிப்பட்டையை உறை மறைக்கிறது என்றால் அது எச்சரிக்கை அடையாளம்.

பஞ்ச், நெக்ஸான் மின்சாரக் கார்கள் 2024-இலும், பி.இ. 6 கார் 2025-இலும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. அச்சோதனைகள் தொழிற்சாலை இருக்கைகளுடன் நடந்தவை. கடை உறை மாட்டிய இருக்கைகளுடன் அல்ல. தவிர, காரின் உட்பொருள்கள் தீப்பற்றிப் பரவும் வேகத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. கடையில் வாங்கும் உறை அந்தச் சோதனையைத் தாண்டியதா என்பதை வாங்குபவர் கேட்பதே இல்லை. குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகள் உறைக்குள் மறைந்துபோவதும், காற்றோட்ட இருக்கையின் துளைகள் அடைபட்டுப்போவதும் கூடுதல் இழப்புகள்.

உறை மாற்றியே ஆக வேண்டுமானால், அந்தக் காருக்கென உற்பத்தி நிறுவனமே விற்கும் உறையையோ, பக்கவாட்டுப் பகுதி திறந்திருக்கும் உறையையோ தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. இருக்கைக்கடியில் செல்லும் மின்கம்பிகளை வெட்டி ஒட்டும் வேலைக்கு இடம் தரவே கூடாது.

மாற்ற முடிவதும் முடியாததும்

மோட்டார் விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் நிர்ணயித்த அடிப்படை அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே, இன்று ஒரு மோட்டாருடன் வாங்கி, வசதி வந்தபின் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. தேவையான ஒப்புதலின்றி வேறு பேட்டரியைப் பொருத்தினால், உத்தரவாதமும் விபத்துக் காப்பீடும் கேள்விக்குறியாகும்.

எனவே, காட்சியகத்தில் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்வதே நன்று. ஒரு நாளில் எத்தனை கி.மீ. ஓடுகிறது, வீட்டில் மின்னேற்றும் வசதி உண்டா, ஆண்டில் எத்தனை முறை மலைக்குப் பயணம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் பேட்டரியும் மோட்டாரும் தாமாகவே முடிவாகிவிடும். அதன் பின்னரே இருக்கை. அதையும் குளிரூட்டிய காட்சியகத்தில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், சோதனை ஓட்டத்தை உச்சி வெயில் நேரத்தில் கேட்டுப் பெற்று, வீட்டின் முதியவரைப் பின் இருக்கையில் அமர்த்தி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில கார்களில் பின் இருக்கையில் அமர்பவரின் முழங்கால் உயர்ந்தே நிற்கும். எந்த விலை உயர்ந்த உறையும் அதைச் சரிசெய்யாது.